மரித்தோர் நினைவும் அகதி மண்ணும்

நவம்பர் மாதம் பிறந்ததும் ரொறன்ரோவில் தமிழ்க் கத்தோலிக்கர் கூடி வழிபடும் இடங்களில் ஒரு காட்சியைக் காணலாம். ஞாயிறு பூசை முடிந்த பின்னர் மண்டபத்தின் ஓரத்திலே மேசையொன்று போடப்படும். தத்தம் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, பீடத்தருகே வைப்பர். அந்த மாதம் முழுவதும் ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலிகளிலே அப்பெயருக்குரியோர் நினைக்கப்படுவர். முதியோர் பலருக்குக் கண் தெரியாது. சிலருக்குக் கை நடுங்கும். முன்னொரு காலத்தில் ஊரிலே கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்கள் என்ற காரணத்தால், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதும் பணி எம்மிடம் வந்து சேர்ந்தது. பல ஆண்டுகளாக இதனைச் செய்து வருகின்றோம்.

பெயர்களைக் கேட்டு எழுதுபவனுக்குச் சில விடயங்கள் தானாகவே புலப்படும். முதலிலே பெற்றோரின் பெயர்கள் வரும். பின்னர் பெற்றோரின் பெற்றோர். அதன் பின் ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குப் பிறகு வரும் பெயர்களுக்கு வயது குறைவு. ஆண்டுகளைக் கேளாமலே சொல்லிவிடலாம்: 1985, 1990, 1995, 2009.

ஓர் அம்மையார் ஆண்டுதோறும் வருவார். கணவன், தாய், தகப்பன், தமையன், தங்கை என ஐந்து பெயர்களைச் சொல்லுவார். ஆறாவது பெயரைச் சொல்லிவிட்டு, “வாத்தியார், அதை இந்தத் தாளிலை எழுதாதேங்கோ. வேறை துண்டிலை எழுதித் தாங்கோ” என்பார். ஆறாவது பெயர் அவருடைய மகனுடையது. 1996ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே சோதனைச் சாவடியொன்றுக்கு அருகில் கொண்டுசெல்லப்பட்டவன். இறந்தோர் பட்டியலில் அவன் பெயரைத் தம் வாயால் சொல்லிச் சேர்ப்பதற்கு அந்தத் தாய்க்கு மனமில்லை. அவன் பெயரின்றி நவம்பர் மாதத்தைக் கடக்கவும் மனமில்லை.

இக்கட்டுரை அந்தத் துண்டுத் தாளிலிருந்து பிறந்தது. இறந்தவர்களை நினைத்தல் என்னும் கடமையைக் கிறிஸ்தவம் எவ்வாறு வகுத்தது, நம் மண்ணிலே அது எவ்வாறு வேரூன்றியது, மண்ணை இழந்தவர்களுக்கு அது எவ்வாறு பயன்படுகிறது என்பதை எமக்குத் தெரிந்த அளவில் சொல்ல முற்படுகின்றோம். இப்பத்திரிகையின் வாசகர்களிற் பெரும்பாலானோர் சைவர்கள் என்பதை அறிவோம். இழப்பு நம் எல்லோருக்கும் பொதுவானதாகையால் அவர்களும் இதனைப் படிப்பார்கள் என நம்புகின்றோம்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் மயானத்தைச் சேமக்காலை என்பர். தமிழகத்தார் கல்லறைத் தோட்டம் என்பார்கள். சேமம் என்றால் காவல், பத்திரம். காலை என்றால் அடைப்பு. ஆட்டுக்காலை, மாட்டுக்காலை என்பன நம் கிராமங்களில் வழங்கும் சொற்கள். காவலாக வைக்கப்பட்ட அடைப்பு என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். கிரேக்கர் இதனைத் துயிலிடம் என்னும் பொருள்படச் சொன்னார்கள். ஆங்கிலச் சொல்லும் அதன் வழி வந்ததே. துயில்பவர் எழுவர், பத்திரப்படுத்தி வைத்ததை ஒருநாள் உரியவன் வந்து எடுப்பான். இரு சொல்லிலும் ஒரே நம்பிக்கை உறைகின்றது. யாழ் நகரிலுள்ள கொஞ்செஞ்சி மாதா சேமக்காலையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. கருவுறுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே நம்மவர் நாவில் புரண்டு கொஞ்செஞ்சி ஆயிற்று. அமலோற்பவ மாதாவின் பெயர் அது. மரண அறிவித்தல்களில் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் 400 ஆண்டுச் சரித்திரத்தை நாம் உச்சரிக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அகதியின் மரணத்தைப் பற்றித் திருச்சபையின் பழைய ஏடுகளிலே ஒரு நிகழ்ச்சி உண்டு. வட ஆபிரிக்காவின் தகாஸ்தே நகரைச் சேர்ந்த மோனிக்கம்மாள் தம் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே தமக்கும் இடம் ஒதுக்கி வைத்திருந்தவர். எப்படியும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 387ஆம் ஆண்டு, மகன் அகுஸ்தீனுடன் ஊர் திரும்பும் வழியில், இத்தாலியின் ஒஸ்தியாத் துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 56. சொந்த மண்ணிலே இறக்கும் பேறு தாய்க்குக் கிட்டவில்லையே என்று இன்னொரு மகன் வருந்தியபோது அம்மையார் அவனைக் கண்டித்தார். இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், அதைப்பற்றிக் கவலை வேண்டாம், எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்திலே என்னை நினையுங்கள் என்ற கருத்துப்படச் சொல்லிக் கண்மூடினார். அகுஸ்தீனார் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் இதனை எழுதியிருக்கிறார்.

அதே நூலில் இன்னொரு செய்தியும் வருகிறது. மோனிக்கம்மாள் தம் ஊர் வழக்கப்படி வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுசென்று படைத்து வந்தவர். மிலான் நகரிலே ஆயர் அம்புரோசியார் அதனைத் தடைசெய்திருந்தார். வாயிற்காவலன் தடுத்தபோது அம்மையார் மறுபேச்சின்றிப் பணிந்தார். அதன் பின் உணவுக் கூடைக்குப் பதிலாகச் செபம் நிறைந்த நெஞ்சோடு சென்றார் என்கிறார் மகன். ஆட்டத் திவசத்துக்குப் படைக்கும் வீடுகளிலே பிறந்து, பின்னர் கிறிஸ்தவத்திற்கு வந்த நம் பாட்டிமார் பலருக்கும் இதே அனுபவம் இருந்திருக்கும். படையல் போயிற்று, நினைப்பு நின்றது.

இன்னுமொரு சுவையான செய்தி. 1945இல் ஒஸ்தியாவில் இரண்டு சிறுவர் விளையாட்டுக்காகக் கம்பம் நடுவதற்குக் குழி தோண்டியபோது சலவைக்கல் துண்டொன்று அகப்பட்டது. மோனிக்கம்மாளின் கல்லறை வாசகத்தின் ஒரு பகுதி அது. எங்கே புதைத்தாலும் கவலையில்லை என்று சொன்னவரின் கல் 1,500 ஆண்டுகள் கழித்துத் தானாக வெளிப்பட்டது.

நவம்பர் 2ஆம் நாளைச் சகல ஆத்துமாக்களின் நினைவு நாளாக நிலைநிறுத்தியவர் பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஒதிலோ. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் தம் மடங்களுக்கென அவர் வகுத்த ஒழுங்கு காலப்போக்கில் மேற்கத்தைய திருச்சபை முழுவதற்கும் பரவியது. முதலாம் உலகப் போரின் பிணக்குவியலைக் கண்ட பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் 1915இல் அந்நாளிலே ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி ஒப்புக்கொடுக்க அனுமதித்தார். புரட்டஸ்தாந்து சகோதரர்கள் இறந்தோருக்காகச் செபிப்பதில்லை. இறந்தோருக்காக நன்றி செலுத்துவர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனின் வழிவந்த குடும்பங்களில் நினைவு நாளன்று ஸ்தோத்திர ஆராதனை நடைபெறும். கொள்கையில் வேறுபாடு உண்டு. ஆயினும் வீட்டுச் சுவரிலே மாலையிட்ட படத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரே விதமாகத்தான் நிற்கின்றோம்.

நம் மண்ணுக்கு வருவோம்.

1544ஆம் ஆண்டு. முத்துக்குளிக்கும் கரையிலே பணியாற்றிக்கொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியாரிடம் மன்னார் மக்கள் ஆளனுப்பித் தம்மிடம் வருமாறு அழைத்தனர். அவரால் வர இயலவில்லை. வேறொரு குருவை அனுப்பினார். நூற்றுக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையுடன் வந்து, மதத்தைக் கைவிட மறுத்தவர்களைக் கொன்றான். 600 பேர் அளவில் மாண்டனர் என்பது மரபு. சவேரியார் 1545இல் எழுதிய கடிதங்களில் இக்கொலைகள் பேசப்படுகின்றன.

வகுப்பறையில் இப்பாடத்தை நடத்துவது எமக்கு என்றும் சங்கடமாகவே இருந்து வந்தது. பறங்கியரை எதிர்த்த தமிழ் மன்னர் மரபின் சின்னமாகச் சங்கிலியனின் சிலை நல்லூர் முத்திரைச் சந்தியிலே குதிரைமீது நிற்கின்றது. மன்னாரிலோ அதே பெயர் கொலையின் பெயர். திருமுழுக்குப் பெற்றவன் போர்த்துக்கேய அரசனின் குடியாகிவிடுவான் என்று மன்னன் அஞ்சினான். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர், 1619இல் யாழ்ப்பாண இராச்சியமே அவர்கள் வசமாயிற்று, நல்லூர்க் கந்தனின் கோவிலும் அவர்களால் இடிக்கப்பட்டது. இவையனைத்தும் உண்மை. ஆனால் மாண்டவர்கள் கடலோரத்து ஏழைக் குடிகள். அரசியலை அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஒரு சமூகம் தன் வீரனையும் அவன் கையால் மாண்டோரையும் ஒரே நெஞ்சில் வைத்திருப்பது இயலாத காரியமன்று. கடினமான காரியம். நாம் அதனைப் பெரும்பாலும் செய்யாமலே விட்டுவிட்டோம்.

அந்த 600 பேரில் எவருடைய பெயரையும் நாம் வகுப்பில் சொல்லியதில்லை. பெயர்ப்பட்டியல் எழுதும் மேசையிலே இருக்கும்போது அது நினைவுக்கு வருவதுண்டு.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருமார் துரத்தப்பட்டனர். இறந்தவனுக்கு அவஸ்தை பூசவோ செபம் சொல்லவோ குருவானவர் இல்லை. மாந்தையிலிருந்த மாதாவின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு 1670இல் சில குடும்பங்கள் காட்டுக்குள் ஓடின. அவர்கள் ஒதுங்கிய இடமே மடு. நம் திருப்பதிகளுள் தலையாயது அகதிகளால் தோற்றுவிக்கப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் கூலிக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். பின்னர் கண்டியிலே 1697ஆம் ஆண்டளவில் அம்மை நோய் பரவி, உறவினரே நோயாளரை விட்டோடியபோது, அவர்களுக்குப் பணிவிடை செய்தும் இறந்தவர்களைத் தம் கையாலேயே புதைத்தும் வந்தவர் அவர். இன்னார் இன்ன மதத்தவர் என்று பார்க்கவில்லை. 1711இல் கண்டியிலேயே மறைந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கும் சென்றார்.

வாஸ் அடிகளாரின் வழியில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரை நம் முன்னோர் சாங்கோபாங்க சுவாமிகள் என்று அழைத்தனர். கொங்கணி நாட்டவர், தமிழிலும் சிங்களத்திலும் வல்லவரானார். அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. நம் கிராமத்துப் பெண்கள் அதனை வாசிக்கக் கேட்டவர்கள் அறிவார்கள்: ஓசை ஒப்பாரியின் ஓசை. மகனைப் பறிகொடுத்த தாயின் அழுகையைச் செத்தவீட்டு அழுகையின் மெட்டிலேயே நம்மவர் பாடினர். மாரடித்து அழுவதைக் குருமார் விரும்பாத காலங்களும் உண்டு. ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை அழுவதை யார் தடுக்க முடியும்? சொந்தப் பிள்ளைக்காக அடக்கி வைத்த கண்ணீரையும் சேர்த்து மரியாளின் பெயரால் அழுது தீர்த்த பெண்கள் பலர் இருந்தனர் என்று எமது பேத்தியார் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

சைவ அயலாரின் வழக்கங்களும் நம் வீடுகளுக்குள் வந்தன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி சைவருக்குரியது. கிறிஸ்தவ வேதத்திலே 31 என்ற எண்ணுக்குத் தனிச்சிறப்பு எதுவுமில்லை. ஆயினும் இன்று ரொறன்ரோவிலே கத்தோலிக்கக் குடும்பங்கள் 31ஆம் நாள் திருப்பலியும் மதியபோசனமும் வைக்கின்றன. அந்தியேட்டிக்கு அச்சிடப்படும் கல்வெட்டு நம்மிடையே நினைவு மலராயிற்று. இதனைக் குறை கூறுவோர் உளர். நாம் குறை கூறோம். அயலவனோடு ஒரே நாளில் அழுவதற்கு ஏற்பட்ட ஒழுங்கு அது.

அடக்கச் சடங்கே நம் பெற்றோர் காலத்திலே பெரிதும் மாறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னர் குருவானவர் கறுப்பு உடை அணிவார், செபங்கள் இலத்தீனில். தீர்ப்பு நாளின் பயங்கரத்தைச் சொல்லும் நீண்ட பாடல் பாடப்படும். 1969இல் வெளிவந்த புதிய சடங்குமுறை பாஸ்காவின் நம்பிக்கையை முன்வைத்தது. தாய்மொழியில் செபங்கள் வந்தன. அந்தப் பயங்கரப் பாடல் அடக்கப் பூசையினின்று நீங்கிற்று. அல்லேலூயா திரும்பி வந்தது. பழையவர்களுக்கு இது பிடிக்கவில்லை. செத்தவீட்டில் அல்லேலூயாவா என்று கேட்ட பெரியவர்களை நாம் சிறுவயதில் கண்டதுண்டு. ஆனால் அதற்கு அடுத்த இருபது ஆண்டுகளில் நம் மக்கள் கண்ட மரணங்களை நினைக்கும்போது, தீர்ப்பின் பயங்கரத்தைச் சொல்லும் பாட்டு அவர்களுக்கு இனித் தேவைப்பட்டிராது என்றே தோன்றுகிறது. பயங்கரத்தை அவர்கள் வானத்திலிருந்தே பார்த்தார்கள்.

1985 சனவரி 6ஆம் நாள் வங்காலையில் வண. பிதா மேரி பஸ்ரியன் கொல்லப்பட்டார். 1993 நவம்பரில் குருநகர் யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு விழுந்தது. 1995 யூலை 9ஆம் நாள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயமும் அயலிலுள்ள முருகன் கோவிலும் ஓடிவந்த மக்களால் நிறைந்திருந்த வேளையில் விமானங்கள் குண்டு வீசின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களிலே சைவரும் கிறிஸ்தவரும் கலந்திருந்தனர். யாருடைய கை, யாருடைய கால் என்று பிரித்தறிய முடியாத நிலையில், எந்த மதச் சடங்கு செய்வது என்ற கேள்வியே எழவில்லை. 1999 நவம்பர் 20ஆம் நாள் மடுத் திருப்பதியிலே தஞ்சம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் விழுந்து நாற்பது பேரளவில் இறந்தனர். இவற்றை ஒரு பந்தியில் சொல்லிவிட்டோம். சொல்லத் தொடங்கினால் பத்திரிகை போதாது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. எமது பெரியதகப்பனார் இடம்பெயர்ந்த மூன்றாம் வாரத்தில் காலமானார். தம் தகப்பனின் கல்லறைக்குப் பக்கத்திலே சீமெந்து கட்டி வைத்திருந்தவர், மோனிக்கம்மாளைப் போலத்தான். அறிமுகமில்லாத ஊரொன்றின் சேமக்காலையில், அவ்வூரார் மனமிரங்கித் தந்த மூலையில் அவரை அடக்கம் செய்தோம். சிலுவைக்குப் பலகை கிடைக்கவில்லை. பழைய கதிரையொன்றின் முதுகுப் பலகையைக் கழற்றிப் பெயரை எழுதினோம். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் விட்டுவந்த சேமக்காலைகளை உயர் பாதுகாப்பு வலயம் விழுங்கியிருந்தது. மயிலிட்டித் துறையைச் சேர்ந்தவர்கள் 2017இலேதான் தம் கரையை மீண்டும் மிதித்தனர். இருபத்தேழு நவம்பர்கள் அவர்கள் தம் பெற்றோரின் கல்லறைமீது ஒரு மெழுகுதிரி கொளுத்தவில்லை.

நாம் இந்நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் விசாரணையில் இருந்தபோது, 2000ஆம் ஆண்டு எமது தாயார் ஊரிலே இறந்தார். கொழும்பிலிருந்த உறவினர் மூலமாகச் செய்தி எமக்கு எட்டியபோது ஒன்பது நாள் கடந்திருந்தது. போக முடியாது, போனால் திரும்ப முடியாது. முப்பத்தோராம் நாளை இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, அறிந்த நாளிலிருந்து எண்ணுவதா என்று இங்குள்ள வயோதிபக் குருவானவர் ஒருவரிடம் கேட்டோம். அவர் சிறிது நேரம் எம் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நாளும் பூசை வைப்போம் என்றார். வைத்தோம். முதற் பூசைக்கு வந்தோர் பதினொரு பேர்.

இனி, நாம் குடியிருக்கும் இம்மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பெற்றோர் பலர் இன்று ஸ்காபரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் உறைந்த நிலத்தைத் தோண்டி அடக்கம் செய்யப்படுகின்றனர். அந்நிய மண்ணில் கிடக்கிறார்களே என்று வருந்துகிறோம். இம்மண்ணோ அகதிகளின் சடலங்களை நெடுங்காலமாக ஏற்று வந்த மண்.

1847ஆம் ஆண்டு அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பிய 38,000க்கும் மேற்பட்ட அகதிகள் ஒரே கோடையில் ரொறன்ரோத் துறைமுகத்தில் இறங்கினர். அன்று நகரின் குடித்தொகை ஏறக்குறைய 20,000 மட்டுமே. வந்தவர்களிடையே விசக் காய்ச்சல் பரவியது. கிங் வீதியும் யோன் வீதியும் சந்திக்கும் இடத்தில் காய்ச்சற் கொட்டகைகள் போடப்பட்டன. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரொறன்ரோவின் முதலாவது கத்தோலிக்க ஆயரான மைக்கேல் பவர் நோயாளருக்கு அவஸ்தை பூசச் சென்று தாமும் நோய்வாய்ப்பட்டு, ஒக்டோபர் முதலாம் நாள் இறந்தார். வயது 42. கட்டி முடியாதிருந்த சென் மைக்கேல் பேராலயத்தின் அடித்தளத்தில் அவர் புதைக்கப்பட்டார். இறந்த அகதிகளிற் பலர் குயின் வீதி கிழக்கிலுள்ள சென் போல் ஆலய வளவிலே கிடக்கின்றனர். அருகிலுள்ள வீதிக்குப் பவர் வீதி என்றே பெயர். இறந்தவர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்துச் சுண்ணாம்புக்கல்லில் பொறித்து 2007இல் ஏரிக்கரையிலே அயர்லாந்துப் பூங்கா திறக்கப்பட்டது. 160 ஆண்டுகள் கழித்து! எல்லாப் பெயர்களும் கிடைக்கவுமில்லை. பிள்ளைகளை வொண்டர்லாண்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் ஒருமுறை அந்தக் கல்லின் முன்னாலும் நிறுத்திக் காட்டலாம்.

ஐரியருக்கும் முந்தியவர்கள் உண்டு. லோரன்ஸ், பெலமி வீதிகளுக்கு அருகே நம்மவர் நெருங்கி வாழும் குடிமனைகளின் நடுவில் தேபர் ஹில் என்னும் சிறு குன்று இருக்கிறது. 1956இல் வீதி அமைப்பு வேலைக்காக மண் வெட்டியபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருக்கக் கண்டனர். பூர்வகுடி மக்களின் பழைய கூட்டுப் புதைகுழி அது. மீண்டும் அங்கேயே புதைத்து, குன்றைப் பூங்காவாக விட்டனர்.

ஏன் ஒன்றாகப் புதைத்தார்கள்? அதற்கு விடை சொல்பவர் மிட்லண்ட் திருத்தலத்தின் வேதசாட்சியான யோன் டி பிரேபூவ் அடிகளார். கோடைதோறும் நம்மவர் ஆயிரக்கணக்கில் பேரூந்துகளிலும் வாகனங்களிலும் திரண்டு, ரொறன்ரோவுக்கு வடக்கே 150 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மிட்லண்டுக்கு யாத்திரை போகின்றனர். மடுவுக்குப் போக முடியாத மக்கள் அதனையே மடுவாகக் கொண்டனர். அங்கே வணங்கப்படும் இயேசு சபைக் குருமார் யார், அவர்கள் யாரோடு வாழ்ந்தனர் என்பதை நம்மவரிற் பலர் அறிந்துகொள்ள முயல்வதில்லை. சோற்றுப் பொதியையும் செபமாலையையும் கொண்டுபோய் வந்துவிடுகின்றோம்.

அவர்கள் வாழ்ந்தது வென்டாத் மக்களோடு. பிரெஞ்சுக்காரர் அவர்களை ஹூரோன் என்றனர். சோளம் பயிரிடும் அம்மக்கள் நிலம் களைத்ததும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கொருமுறை கிராமத்தையே பெயர்த்துச் செல்வர். பெயர்வதற்கு முன்னர் இறந்தோர் எல்லோரையும் தோண்டி எடுப்பர். தாயின் எலும்புகளை மகள் தன் கையாலே துடைத்துத் தோலாடையில் சுற்றித் தோளிலே சுமந்து வருவாள். பல ஊராரும் கூடிப் பெருங்குழியில் எல்லாவற்றையும் கலந்து புதைப்பர். 1636இல் ஒசொசானே என்னுமிடத்தில் நடைபெற்ற இத்தகைய இறந்தோர் விழாவை பிரேபூவ் நேரிலே கண்டார். வேற்று மதத்தாரின் சடங்கென்று தள்ளிவிடாமல், அவர்கள் தம் இறந்தோரிடம் காட்டிய அன்பை வியந்து எழுதி வைத்தார். 1649 மார்ச் 16ஆம் நாள், வென்டாத் ஊர்களைத் தாக்கிய பகைவரால் அவர் கொல்லப்பட்டார். மன்னார் மக்கள் மாண்டு ஒரு நூற்றாண்டும் சில ஆண்டுகளுமே கழிந்திருந்தன.

வென்டாத் மக்களும் அகதிகளாயினர். ஒரு பகுதியினர் கியூபெக்குக்கும் மறுபகுதியினர் மேற்கே அலைந்து கன்சாஸ், ஒக்லகோமா வரைக்கும் சிதறினர். இம்முறை எலும்புகளை எடுத்துச் செல்ல அவகாசம் இருக்கவில்லை. 1940களின் பிற்பகுதியிலே றோயல் ஒன்ராறியோ நூதனசாலையினர் ஒசொசானேக் குழியை அகழ்ந்து எலும்புகளை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தனர். அரை நூற்றாண்டு அவை இந்நகரிலே இருந்தன. 1999இல் சிதறிப்போன வென்டாத் கிளையினர் பல திசைகளிலிருந்தும் வந்து கூடி, மூதாதையரைத் திரும்பப் பெற்று, அதே ஒசொசானேயிலே மீண்டும் புதைத்தனர். 350 ஆண்டுகளாகப் பிரிந்திருந்த உறவினரை ஒன்று சேர்த்தவர்கள் இறந்தவர்களே.

எலும்பைச் சுமந்து செல்லும் ஆசை நம்மவரிடமும் உண்டு. தகனத்தைத் திருச்சபை 1963இல் அனுமதித்தது. இங்கே தகனம் செய்து, சாம்பலை ஊருக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரின் கல்லறையில் வைக்கும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. இதிலே தடையேதுமில்லை. 2016இல் உரோமாபுரி வெளியிட்ட விளக்கம், சாம்பலைக் கடலிலோ காற்றிலோ தூவலாகாது, பங்கிடலாகாது, வீட்டு அலுமாரியில் வைத்திருத்தலும் ஆகாது, புனித இடத்திலே அடக்கம் செய்ய வேண்டும் என்கிறது. பிள்ளைகளுக்குள் ஆளுக்கொரு பங்கு என்று பிரித்துக்கொண்ட குடும்பமொன்றை நாம் அறிவோம். அன்பினால் செய்தார்கள். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்லுவோம்.

சடலமும் இல்லை, சாம்பலும் இல்லை என்றால்? 1990 ஓகஸ்ட் 15இல் மட்டக்களப்பு நோக்கிச் சென்ற அமெரிக்க இயேசு சபைக் குரு இயூஜின் ஹேபேட் அடிகளார் திரும்பவில்லை. 2006 ஓகஸ்ட் 20இல் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் காணாமற்போனார். 2009 மே 18இல் முல்லைத்தீவிலே படையினரிடம் சரணடைந்தவர்களோடு உடன்சென்ற பிரான்சிஸ் யோசேப் அடிகளார் பற்றிய செய்தி எதுவும் வரவில்லை. குருமாருக்கே இந்நிலை என்றால் மற்றையோரின் தொகையைச் சொல்லவும் வேண்டுமா? 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரிற் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டனர். அவர்களுடைய பெயர்கள் நவம்பர் பட்டியலுக்கு வந்துவிட்டன. அவர்கள் தேடிய பிள்ளைகளின் பெயர்கள் வரவில்லை.

இறந்துவிட்டான் என்று ஏற்றுக்கொள்வதே விசுவாசம் என அந்த அம்மையாரிடம் சிலர் புத்தி சொன்னதுண்டு. எமக்கு அது சரியாகப் படவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை கல்லறையைக் கண்டு அழுத பெண்களிடமிருந்தே தொடங்குகிறது. அவர்களுக்கும் கல்லறை எங்கேயென்று தெரிந்திருந்தது. இவருக்கு அதுவும் தெரியாது. திருச்சபை இறந்தோருக்காகவும் செபிக்கிறது, உயிரோடிருப்போருக்காகவும் செபிக்கிறது. மகனின் பெயர் எந்தப் பக்கத்தில் சேரும் என்பதை அவர் தீர்மானிக்க வேண்டிய அவசியம் இல்லை. இதனை எமது பங்கிலே பணியாற்றிய குருவானவரிடம் சொன்னபோது அவரும் மறுக்கவில்லை. அந்தத் துண்டுத் தாள் உறைக்குள் போவதில்லை. அம்மையார் அதனைச் செபப் புத்தகத்துள் வைத்துக்கொள்வார். பீடத்திலே பெயர்கள் ஒப்புக்கொடுக்கப்படும் வேளையில் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பார்.

சென்ற ஞாயிறு அவரைப் பேரப்பிள்ளை கைபிடித்து மேசைக்கு அழைத்து வந்தாள். ஐந்து பெயர்களையும் எழுதி முடித்தோம். பழைய துண்டு மடிப்பிலே கிழிந்துவிட்டது என்றார். புதிதாக எழுதிக் கொடுத்தோம். பேரப்பிள்ளை அதனை வாங்கி, தமிழ் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, மாமாவின் பெயரை உரக்க வாசித்தாள்.